தேங்காய்ச் சிரட்டையை ஜல்லியோடு சேர்த்துக் கான்கிரீட் கலக்கும் முறை

பொள்ளாச்சி, ஆனைமலை, காங்கேயம், பட்டுக்கோட்டை, பேராவூரணி போன்ற தென்னை அடர்ந்த பகுதிகளில் கட்டட வேலை செய்கிறவர்களுக்கு ஜல்லி ஒவ்வொரு ஆண்டும் விலை ஏறும் பொருளாகவும், தேங்காய்ச் சிரட்டை வீட்டுக்கு வீடு குவிந்து கிடக்கும் பொருளாகவும் இருக்கிறது. ஜல்லியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உடைத்த சிரட்டையைப் போட்டுக் கான்கிரீட் கலக்க முடியும். முழு ஜல்லிக்கும் பதிலாக அதைப் போடக்கூடாது. கட்டடத்தின் எல்லா இடங்களிலும் போடக்கூடாது. குப்பையில் கிடந்ததை அப்படியே உடைத்துக் கொட்டவும் கூடாது. இடத்தைச் சரியாகத் தேர்ந்து, சிரட்டையைச் சுத்தம் செய்து, ஊறவைத்து, எடைக்குப் பதிலாகக் கன அளவில் அளந்து போட்டால், முற்றத் தளம், நடைபாதை, தரைக்கு அடியில் இடும் அடிப்படுகை, சுற்றுச்சுவர்க் கட்டிகள் ஆகியவற்றுக்குப் போதுமான, எடை குறைந்த கான்கிரீட் கிடைக்கும். அதைச் செய்யும் விதத்தை இங்கே முழுமையாகத் தருகிறேன்.

எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

கலவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். கூரைத் தளம், தூண், உத்தரம், லிண்டல், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில், அதாவது கம்பி கட்டி எடையைத் தாங்க வைக்கும் எந்த உறுப்பிலும், இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம். கான்கிரீட்டில் சேர்க்கும் ஜல்லிக்கும் மணலுக்கும் உரிய இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 383. அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் உலோக ஆலைக் கசடு, அனல்மின் நிலைய அடிச்சாம்பல், இடித்த கட்டடங்களிலிருந்து கிடைக்கும் மறுசுழற்சி ஜல்லி ஆகியவற்றை எந்த வேலைக்கு எத்தனை விழுக்காடு வரை சேர்க்கலாம் என்று பட்டியலிட்டு அனுமதிக்கிறது. சிரட்டையோ வேறு விவசாயக் கழிவோ அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அனுமதி பெற்றுக் கட்டும் கட்டடத்தின் தாங்கு உறுப்புகளில் இதைக் கலந்தால், பின்னால் அதற்குப் பொறுப்பேற்க எந்தப் பொறியாளராலும் இயலாது. ஆய்வுக்கூடத்தில் நல்ல முடிவு வந்திருப்பது உண்மை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கட்டுப்பாடு வேலைத் தளத்தில் இருப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை.

நெருப்புக்கு அருகிலும் தவிர்க்க வேண்டும். சிரட்டை என்பது எரிபொருள். சிமெண்டுக்குள் புதைந்திருந்தாலும் தொடர்ந்து கடுஞ்சூடு படும் இடத்தில் கருகிப் பொரிந்து கான்கிரீட்டுக்குள் வெற்றிடத்தை உண்டாக்கும். விறகு அடுப்பு மேடை, கொப்பரை உலர்த்தும் அறையின் தரை, கொதிகலன் பீடம் ஆகியவற்றுக்கு இது உகந்ததன்று.

மீதமுள்ள இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தரைக்கு அடியில் நான்கு அங்குலத்துக்கு இடும் படுகை, வீட்டைச் சுற்றி இடும் தளம், தோட்டத்து நடைபாதை, மாட்டுத் தொழுவத்தின் புறத்தளம், வேலிக்கல் ஊன்றும் குழி, சுற்றுச்சுவர்க் கட்டி ஆகியவற்றில் கான்கிரீட்டின் வலு முழுவதும் ஒருநாளும் பயன்படுவதில்லை. இடத்தை நிரப்பிக் கெட்டியாக நிற்பதுதான் அதன் வேலை. கல்குவாரியில் வெடி வைத்து எடுத்த கருங்கல்லை அப்படிப்பட்ட இடத்தில் புதைப்பது தேவையற்ற செலவு என்பது என் உறுதியான கருத்து.

சிரட்டையின் இயல்பு

சிரட்டை பலவீனமான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கே. குணசேகரன் குழுவினர் சிரட்டைக் கான்கிரீட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் அளந்து பார்த்தபோது, மோதலையும் நசுக்கலையும் தாங்கும் தன்மையில் உடைத்த சிரட்டை கருங்கல் ஜல்லிக்குப் பின்தங்காமல் நல்ல மதிப்பையே காட்டியது. நாருடன் கூடிய மரத்தன்மை அதற்குக் காரணம். அடித்தால் சட்டென்று நொறுங்காமல் வளைந்து தாங்கும்.

சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது அடர்த்தி: கருங்கல்லின் ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவுத் தண்ணீரைப்போல எத்தனை மடங்கு எடை என்பது, 2.7-ஐ ஒட்டி இருக்கும்போது சிரட்டையின் ஒப்படர்த்தி 1.05-இலிருந்து 1.20 வரைதான். இரண்டாவது உறிஞ்சும் தன்மை: நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு விழுக்காட்டு அளவுக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, சிரட்டை 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 24 விழுக்காடு குடித்துவிடும். மூன்றாவது வடிவம்: 2 மில்லிமீட்டர் முதல் 8 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்ட வளைந்த ஓடு அது, வெளிப்பக்கம் சொரசொரப்பாகவும் உட்பக்கம் வழவழப்பாகவும் இருப்பதால், சிமெண்ட் ஒரு பக்கத்தில் பிடிக்கும் அளவுக்கு மறுபக்கத்தில் பிடிப்பதில்லை. இனி வரும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றைச் சமாளிப்பதற்காகவே செய்யப்படுகிறது.

ஜல்லியை முழுவதும் நீக்கிச் சிரட்டையை மட்டும் போட்டும் கான்கிரீட் செய்திருக்கிறார்கள். மேற்சொன்ன குழுவினரே அப்படிச் செய்து 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 26 நியூட்டன் அளவு வலு பெற்றார்கள். ஆனால் அதற்கு ஒரு கன மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் சிமெண்ட் தேவைப்பட்டது. ஜல்லியை மிச்சப்படுத்துவதற்காகச் சிமெண்டை அள்ளிக் கொட்டினால் பணமும் மிஞ்சாது, சுற்றுச்சூழலுக்கும் நன்மை வராது. ஏனென்றால் கான்கிரீட்டில் சேரும் பொருள்களில் கரியமில வாயுவை மிக அதிகமாக வெளியேற்றுவது சிமெண்ட் உற்பத்திதான். ஆகவே ஜல்லியின் கன அளவில் 25 விழுக்காட்டைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. முதன்முறை செய்கிறவர்கள் 15 விழுக்காட்டில் தொடங்கலாம்.

சேகரிப்பதும் சுத்தம் செய்வதும்

கொப்பரைக் களத்திலிருந்து வரும் சிரட்டையே முதல் தரம். வெயிலில் காயக் காயப் பருப்பு தானாகவே சுருங்கி விலகிவிடுவதால் உட்பக்கம் சுத்தமாக இருக்கும். ஆனால் காங்கேயம் போன்ற இடங்களில் சிரட்டைக்கரிக்கும் அதிலிருந்து செய்யும் கிளர்வுற்ற கார்பனுக்கும் (ஆக்டிவேட்டட் கார்பன்) நல்ல கிராக்கி இருப்பதால், முழுச் சிரட்டைக்கு விலை உண்டு. விலை கொடுத்து நல்ல சிரட்டையை வாங்கிக் கான்கிரீட்டில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரிச்சூளைக்காரர்கள் ஒதுக்கும் சில்லுகள், உணவகங்களிலும் திருமண மண்டபங்களிலும் கோயில்களிலும் கழிவாகச் சேரும் மூடிகள் ஆகியவையே இந்த வேலைக்கு உரியவை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு நூறு தேங்காய்களுக்கு மேலான சிரட்டை தேவைப்படும் என்பதால், வீட்டில் சேர்வதை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம்.

சமையலறையிலிருந்து வரும் மூடியில் துருவியபின் ஒட்டியிருக்கும் பருப்பும் பால் பசையும் இருக்கும். இதை அலட்சியம் செய்யக்கூடாது. தேங்காயின் சர்க்கரைச் சத்து சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். எண்ணெய் சிரட்டையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து சிமெண்டை ஒட்டவிடாது. அதனால் இப்படிப்பட்ட மூடிகளைத் திறந்த வெளியில் பரப்பி ஒரு மாதமாவது வெயிலும் மழையும் படவிட வேண்டும். எறும்பும் பூச்சியும் பருப்பை அரித்துத் தின்றுவிடும். மிச்சத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடலாம். வெளிப்பக்கத்தில் தொங்கும் நாரையும் குடுமியையும் இப்போதே பிடுங்கிவிட வேண்டும். நார் கலவையில் சுருண்டு உருண்டைகளாகிவிடும். பூஞ்சை பிடித்துக் கறுத்தவையும், கையால் அழுத்தினால் நொறுங்கும் இளங்காய்ச் சிரட்டையும் வேண்டாம். இளநீர் மட்டை இந்த வேலைக்கு முற்றிலும் உதவாது.

உடைப்பதும் சலிப்பதும்

துண்டு சிறியதாக ஆக அதன் வளைவு குறையும் என்பதே உடைப்பதற்கான முதற்காரணம். பெரிய துண்டின் குழிந்த பக்கத்தில் காற்றும் நீரும் தேங்கிக்கொள்ளும். இரண்டு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து, நடுவில் சிமெண்ட் நுழையாமல் வெற்றிடமாகவே இறுகிவிடும். எனவே எல்லாத் துண்டுகளும் அரை அங்குலக் கண்ணி வலையில், அதாவது 12.5 மில்லிமீட்டர் சல்லடையில், விழ வேண்டும். விழுந்ததை 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் மறுபடி சலித்து, மேலே நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அடியில் விழும் தூளைக் கலவையில் சேர்க்க வேண்டாம்; அது தண்ணீரை மிக அதிகமாகக் குடிப்பதோடு, சிமெண்டுக்கு ஆகாத சாயப் பொருளையும் விரைவில் கக்கிவிடும்.

சிறிய அளவுக்குக் கருங்கல் மேல் வைத்துச் சுத்தியலால் உடைக்கலாம். குழிந்த பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்து வைத்து அடித்தால் துண்டு சிதறாமல் உடையும். சில்லு கண்ணில் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் யாரையும் இந்த வேலையில் உட்கார வைக்கக்கூடாது. கட்டி தயாரிக்கும் அளவுக்குத் தேவைப்படுகிறவர்கள் சிரட்டைத் தூள் ஆலையில் கேட்டு, முழுதாக அரைக்காமல் முதல் உடைப்பு நிலையிலேயே வாங்கிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஊறவைப்பது

இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண். காய்ந்த சிரட்டை கலவைக்குள் போனதும், சிமெண்டுக்கு என்று நாம் ஊற்றிய தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். கலவை பத்து நிமிடத்தில் இறுகலாகத் தோன்றும். வேலையாட்கள் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். எவ்வளவு ஊற்றினார்கள் என்று யாருக்கும் கணக்கு இருக்காது. வலு அங்கேயே போய்விடும்.

சலித்த துண்டுகளைச் சாக்கில் தளர்வாகக் கட்டித் தொட்டியில் அமுக்கி, மேலே கல் வைத்து 24 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கல் வைக்காவிட்டால் துண்டுகளுக்குள் சிக்கிய காற்றால் மூட்டை மிதக்கும். மேலே இருப்பது ஊறாது. சில மணி நேரத்திலேயே தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். நிறம் நன்றாக வெளிறும்வரை, பொதுவாக இரண்டு முறை, மாற்ற வேண்டியிருக்கும். ஊறவைத்த தண்ணீரை எக்காரணம் கொண்டும் கான்கிரீட் கலக்கப் பயன்படுத்த வேண்டாம்.

சுத்தம் போதுமா என்று ஐயம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். கடைசியாக மாற்றிய தண்ணீரில் சிறிது எடுத்து அதில் ஒரு பிடி சிமெண்டைக் கெட்டியாகப் பிசைந்து வட்டமாகத் தட்டி வையுங்கள். நல்ல தண்ணீரில் பிசைந்த இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் நிழலில் இருக்கட்டும். விரல்நகத்தால் அவ்வப்போது அழுத்திப் பார்த்தால் எது முன்னால் இறுகுகிறது என்று தெரியும். கலவைத் தண்ணீர் சிமெண்டின் தொடக்க இறுகல் நேரத்தை 30 நிமிடத்துக்கு மேல் மாற்றக்கூடாது என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 வகுத்த விதி. வீட்டுச் சோதனையில் நிமிடக் கணக்கு துல்லியமாக வராது என்றாலும், ஒன்று இறுகிய பிறகும் மற்றொன்று மணிக்கணக்கில் மெத்தென்று இருந்தால் சிரட்டையில் இன்னும் பருப்பு ஒட்டியிருக்கிறது என்று பொருள். மறுபடி தேய்த்துக் கழுவ வேண்டும்.

கலக்கும் நாள் காலையில் மூட்டையைத் தூக்கித் தண்ணீர் வடியவிட்டு, நிழலில் சாக்கின் மேல் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மறைந்து, கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருந்தும் விரலில் தண்ணீர் ஒட்டாத நிலையில் அது கலவைக்குத் தயார். ஊறித் துடைத்த இந்த நிலையைத் தாண்டி உலரவிட்டுவிட்டால் மறுபடி தண்ணீர் தெளித்து மூடி வைக்க வேண்டும்.

அளவு

பலரும் தவறுவது இங்கேதான். 25 விழுக்காடு என்றால் ஜல்லியின் எடையில் கால்பங்கு அன்று. கன அளவில் கால்பங்கு. ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐ.எஸ். 456-இல் எம்20 தரத்துக்கு, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலு தர வேண்டிய கான்கிரீட்டுக்கு, தந்திருக்கும் பொதுக் கலவையின்படி, 50 கிலோ சிமெண்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்த்து 250 கிலோ, தண்ணீர் 30 லிட்டர். மணல் ஒரு பங்கு, ஜல்லி இரண்டு பங்கு என்று பிரித்தால் மணல் 83 கிலோ, ஜல்லி 167 கிலோ. ஜல்லியில் கால்பங்கான 42 கிலோவை எடுத்துவிடுகிறோம். அந்த 42 கிலோ கருங்கல், துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நீங்கலாக, ஏறக்குறைய 15.5 லிட்டர் இடத்தை அடைத்திருந்தது. அதே இடத்தை நிரப்ப, ஊறித் துடைத்த நிலையில் 17 கிலோ சிரட்டை போதும். கணக்குத் தெரியாமல் 42 கிலோ சிரட்டையையே கொட்டியிருந்தால் அது 38 லிட்டர் இடத்தை அடைக்கும். சிமெண்ட் பால் எல்லாத் துண்டுகளையும் சுற்றிப் பூச முடியாமல் கலவை உதிரியாகக் கிடக்கும்.

எடைபார்க்கத் தராசு இல்லாத இடத்தில் பெட்டி அளவே போதும். சொல்லப்போனால் இந்த வேலைக்குப் பெட்டிதான் பாதுகாப்பு. ஜல்லியை அளக்கும் அதே பெட்டியால், நான்கு பெட்டி ஜல்லி போடும் இடத்தில் மூன்று பெட்டி ஜல்லியும் ஒரு பெட்டி சிரட்டையும் போட வேண்டும். பாண்டுச் சட்டிக் கணக்கு வேண்டாம். சித்தாள் மாறும்போது பாண்டின் கூம்பும் மாறும்.

மேற்கண்ட கலவையில் சிரட்டை காய்ந்த நிலையில் போயிருந்தால் 30 லிட்டர் தண்ணீரில் 3 லிட்டருக்கு மேல் அதுவே குடித்திருக்கும் என்பதையும் இந்தக் கணக்கிலிருந்தே காணலாம். மணலிலோ எம்-சாண்டிலோ (கல்லை அரைத்த மணல்) ஈரம் இருந்தால் அந்த ஈரத்தை 30 லிட்டரில் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 0.14 கன மீட்டர் கான்கிரீட் கிடைக்கும். நான்கு அங்குலத் தளமாக இட்டால் அது சுமார் 15 சதுர அடிக்கு வரும்.

எம்20 கலவையாகக் கலந்தாலும் எம்20 வலுவை இதிலிருந்து எதிர்பார்க்கக்கூடாது. அதற்கு அடுத்த கீழ்த் தரமான எம்15 (15 நியூட்டன்) போதுமான இடத்தில்தான் இட வேண்டும். இந்தப் படிக்குறைவை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு இடத்தைத் தேர்வதுதான் நேர்மையான வழி. தரைக்கு அடியிலான படுகைக்கு இதுவும் அதிகம்; அங்கே ஒரு மூட்டைக்கு 330 கிலோ மணலும் ஜல்லியும், 32 லிட்டர் தண்ணீரும் சேர்ந்த எம்15 கலவையிலேயே அதே மூன்றுக்கு ஒன்று கணக்கில் சிரட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கலப்பதும் இடுவதும்

கலவை இயந்திரத்தில் முதலில் ஜல்லியையும் சிரட்டையையும் கால்பங்குத் தண்ணீரோடு ஒரு நிமிடம் சுழலவிட வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பரவிய பின் மணல், சிமெண்ட், மீதித் தண்ணீர் என்ற வரிசையில் சேர்த்து மேலும் இரண்டு நிமிடம் சுற்றினால் போதும். தரையில் மண்வெட்டியால் கலக்கிறவர்கள் சிமெண்டையும் மணலையும் நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகப் புரட்டி, பிறகு ஜல்லியையும் சிரட்டையையும் பரப்பிப் புரட்ட வேண்டும். வளைந்த துண்டுகள் ஒன்றோடொன்று உரசுவதால் இந்தக் கலவை வழக்கமான கலவையைவிடச் சற்று இறுகலாகவே தெரியும். அதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டக்கூடாது. இளக்கம் கட்டாயம் வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் இளக்கும் திரவத்தை உறையில் போட்டிருக்கும் அளவில் சேர்க்கலாம்.

இடும்போது கவனிக்க வேண்டியது மிதப்பு. சிரட்டை இலேசானது, வைப்ரேட்டரை நீண்ட நேரம் பிடித்தால் ஜல்லி கீழே இறங்கும், சிரட்டை மேலே ஏறும். வைப்ரேட்டரின் ஊசியைச் சில விநாடிகளுக்கு மேல் ஓரிடத்தில் வைக்காமல் எடுத்து எடுத்து வைக்க வேண்டும்; நான்கு அங்குலத் தளத்துக்கு வைப்ரேட்டரே வேண்டாம், கட்டையால் தட்டி மட்டப்பலகையால் இழுத்தால் போதுமானது. மட்டம் இழுத்த பிறகு மேலே தலைகாட்டும் துண்டுகளைக் கரணையின் அடியால் அழுத்திப் புதைத்துவிட வேண்டும். அவற்றை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் நனைந்து காய்ந்து விரிந்து சுருங்கி, ஓராண்டுக்குள் சிறு சிறு குழிகளாகப் பெயர்ந்துவிடும். ஆட்கள் நடமாடும் தளமாக இருந்தால் அன்றே, கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்ந்த சாந்தால் முக்கால் அங்குலப் பூச்சு கொடுத்துவிடுவது நல்லது.

இந்தக் கான்கிரீட் உலரும்போது வழக்கமானதைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கும். எனவே பெரிய தளத்தை ஒரே துண்டாக இடாமல் எட்டு அடிக்கு ஓர் இணைப்பு விட்டு இட வேண்டும். தண்ணீர் கட்டும் காலம் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது ஐ.எஸ். 456-இன் கணக்கு. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. என்பதால் பத்து நாளை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊறிய சிரட்டைக்குள் இருக்கும் ஈரம் உள்ளிருந்தபடியே சிமெண்டுக்கு மெல்ல மெல்லக் கிடைப்பது இந்தக் கான்கிரீட்டின் ஒரு நன்மை. ஆனால் அதை நம்பி மேலே தண்ணீர் விடுவதை நிறுத்தக்கூடாது.

கட்டிகள்

திண்ணமான கான்கிரீட் கட்டி செய்கிறவர்களுக்குச் சிரட்டை இன்னும் பொருத்தமானது. சிப்ஸ் எனப்படும் பொடி ஜல்லியில் 20 விழுக்காட்டை, 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக உடைத்த சிரட்டையால் மாற்றலாம். 400, 200, 150 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டி 25 கிலோவைத் தொடுகிறது; அதில் ஒன்றரைக் கிலோ குறைந்தாலும், நாள் முழுவதும் அதைத் தூக்கி அடுக்கும் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் அது பெரிய ஆறுதல். கான்கிரீட் கட்டிகளுக்கான தரக் குறியீடு ஐ.எஸ். 2185-இன் முதல் பகுதி திண்ணக் கட்டிகளுக்குக் கன மீட்டருக்கு 1800 கிலோ என்ற குறைந்தபட்ச அடர்த்தியையும், 10 விழுக்காடு என்ற உறிஞ்சல் உச்ச வரம்பையும் வைத்திருக்கிறது. அடர்த்தியில் சிக்கல் வராது. உறிஞ்சலைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்: நன்றாக உலர்ந்த கட்டியை எடைபோட்டு, 24 மணி நேரம் முக்கிவைத்து, துடைத்து மறுபடி எடைபோட்டால் வீட்டிலேயே தோராயமாகத் தெரிந்துவிடும். சுற்றுச்சுவருக்கு இவை நன்றாக ஏற்றவை. மாடி தாங்கும் சுவருக்கு வேண்டாம்.

மற்ற இயற்கைக் கழிவுகள்

இதே முறையை எல்லாக் கழிவுக்கும் நீட்டிவிடக்கூடாது. மலேசியாவிலும் நைஜீரியாவிலும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டை இப்படிப் பயன்படுத்துவது பழக்கமானது. அங்கே அது ஆலைக் கழிவாகக் குவிகிறது. தூத்துக்குடி போன்ற கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது, மட்கிப்போகாது; ஆனால் உப்பு ஒட்டியிருக்கும் என்பதால் நன்னீரில் பலமுறை கழுவ வேண்டும், கம்பி உள்ள கான்கிரீட்டின் பக்கமே கொண்டுபோகக்கூடாது. மரத்தூள், பாகாசு எனப்படும் கரும்புச் சக்கை ஆகியவற்றில் சர்க்கரைப் பொருள்கள் உண்டு. சிமெண்ட் இறுகுவதைக் கெடுத்துவிடும். நெல் உமியை எரித்த சாம்பல் மிக நல்ல பொருள்தான், ஆனால் அது சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக வருவது. ஜல்லியோடு அதற்குத் தொடர்பில்லை.

சோதனை

வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே மூன்று கலவைகள் செய்து பாருங்கள்: சிரட்டை இல்லாதது, 15 விழுக்காடு போட்டது, 25 விழுக்காடு போட்டது. மூன்றிலும் அதே சிமெண்ட், அதே மணல், அதே தண்ணீர் அளவு இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சில் ஆறு வார்த்து, மூன்றை 7-ஆம் நாளிலும் மூன்றை 28-ஆம் நாளிலும் உடைக்க வேண்டும். அருகிலுள்ள பொறியியல் கல்லூரி அல்லது பாலிடெக்னிக் சோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்தினால் அச்சும் கொடுப்பார்கள், உடைத்தும் தருவார்கள். சிரட்டை போடாத கனசதுரம் 8 கிலோவை ஒட்டியும், 25 விழுக்காடு போட்டது ஏழரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். எடை இதைவிட மிகவும் குறைந்திருந்தால் உள்ளே காற்றறை இருக்கிறது. இறுக்கிய விதத்தைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். எம்15 வலு என்றால் அந்த 150 மில்லிமீட்டர் முகத்தில் ஏறக்குறைய 34 டன் சுமை ஏறிய பிறகே அது உடைய வேண்டும். ஒரே கலவையின் மூன்று கனசதுரங்களில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தால் அந்தத் தொகுதி முடிவே செல்லாது. மறுபடி வார்க்க வேண்டும்.

எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடாமல், உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிரட்டையே பிளந்து, பாதி இந்தத் துண்டிலும் பாதி அந்தத் துண்டிலும் இருந்தால் சிமெண்ட் அதை நன்றாகப் பிடித்திருக்கிறது. சிரட்டை முழுதாகக் கழன்று, அது இருந்த இடத்தில் வழவழப்பான குழி மட்டும் தெரிந்தால் பிடிப்பு இல்லை. அந்தக் குழியில் விரலை வைத்துப் பாருங்கள். பிசுக்கு இருந்தால் பருப்பைச் சரியாகத் தேய்க்கவில்லை. வெள்ளைப் பொடி உதிர்ந்தால் துண்டின்மேல் தண்ணீர் தங்கி இருந்திருக்கிறது, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் உலரவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் குழி பெரிதாக மட்டும் இருந்தால் துண்டுகளை இன்னும் சிறிதாக உடைக்க வேண்டும்.

25 விழுக்காடு போட்ட கனசதுரம் தேவையான வலுவை எட்டாமல், 15 விழுக்காடு போட்டது எட்டியிருந்தால் 15-ஐ எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சிமெண்டைக் கூட்டி 25-ஐக் காப்பாற்ற முயல வேண்டாம். 15-உம் எட்டவில்லை என்றால் அந்தச் சிரட்டையை எம்15 கேட்கும் தளத்துக்கு எடுக்காமல், தரைக்கு அடியிலான படுகைக்கோ வேலிக்கல் குழிக்கோ ஒதுக்கிவிட்டு, தளத்தைச் சாதாரண ஜல்லியிலேயே இட்டுக்கொள்ளலாம்.